ஐவர்மெக்டின்: எதற்கு அனுமதி, எதற்கு வழக்கம், எதற்கு வெறும் நம்பிக்கை

மருந்துக்கடையில் பார்மசிஸ்டாக நின்று பல வருடம் ஆகிறது. கொரோனாவுக்கு முன்னால் ஐவர்மெக்டின் என்று பெயர் சொல்லிக் கேட்டவர்கள் மிகக் குறைவு. சிரங்குக்கு டாக்டர் எழுதுவார், நாங்கள் எடுத்துக் கொடுப்போம், அவ்வளவுதான். 2021-க்குப் பிறகு இந்த ஒரு மாத்திரையைப் பற்றி வந்த கேள்விகளுக்குக் கணக்கில்லை. திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். டாக்டர் தந்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டியது இது.

இந்த மருந்து எங்கிருந்து வந்தது?

மண்ணிலிருந்து. ஜப்பானின் கிடாசாட்டோ நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்த சதோஷி ஓமுரா, போகிற இடமெல்லாம் சின்ன பிளாஸ்டிக் பையில் மண் எடுத்து வருவார். 1970-களில் கவானா என்ற ஊரில் கோல்ஃப் மைதானத்தை ஒட்டி எடுத்த மண்ணில் ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகைக் கிருமி இருந்தது. அது அமெரிக்காவின் மெர்க் கம்பெனிக்குப் போனது. அங்கே வில்லியம் கேம்பலின் குழு, வயிற்றில் புழு உள்ள எலிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தது, புழுக்கள் செத்தன. அந்தக் கிருமி சுரக்கும் பொருள் அவர்மெக்டின். அதில் சின்ன மாற்றம் செய்து உருவாக்கியதுதான் ஐவர்மெக்டின். 1981-ல் முதலில் கால்நடை மருந்தாகத்தான் விற்பனைக்கு வந்தது. மனிதருக்கான அனுமதி 1987-ல் பிரான்சில் கிடைத்தது. ஓமுராவும் கேம்பலும் 2015-ல் மருத்துவ நோபல் பரிசு பெற்றார்கள்.

உடலுக்குள் போய் என்ன செய்கிறது? புழுவைக் கொல்கிற மருந்து நம்மை ஒன்றும் செய்யாதா?

உருளைப் புழு, பேன், சிரங்குப் பூச்சி இவற்றின் நரம்பிலும் தசையிலும் குளோரைடு உள்ளே போக ஒரு வாசல் உண்டு. குளூட்டமேட் என்ற நரம்புச் செய்திப் பொருள் வந்து தொட்டால் திறக்கும். ஐவர்மெக்டின் அந்த வாசலைத் திறந்தபடியே நிறுத்திவிடுகிறது. நரம்பு ஓய்ந்து, தசை துவண்டு, புழு பக்கவாதம் வந்ததுபோல் கிடந்து சாகிறது.

அந்த வாசல் மனித உடலில் கிடையாது. ஓரளவு அதைப் போன்றவை நம் மூளையில் இருக்கின்றன. ஆனால் மூளைக்குள் நுழையப் பார்க்கும் ஐவர்மெக்டினை வெளியே தள்ளிவிட ஒரு புரதம் காவல் நிற்கிறது. சரியான அளவுக்கு அந்தக் காவல் போதும். அளவு எகிறினால் தாங்காது. கோலி இன நாய்கள் பலவற்றுக்கு இந்தக் காவல் பிறவியிலேயே பழுது. மற்ற நாய்கள் தாங்கும் அளவில் அவை தள்ளாடி விழுந்துவிடும். அதனால்தான் நாய்க்கு இந்த மருந்தைக் கொடுக்கும் முன் கால்நடை மருத்துவர் என்ன இனம் என்று கேட்கிறார்.

ஆஃப்-லேபிள் என்றால் சட்டவிரோதமா?

இல்லை. இந்த நோய்க்கு, இந்த அளவில், இந்த வயதுக்கு என்று கம்பெனி ஆதாரம் காட்டி அரசிடம் அனுமதி வாங்குகிறது. அந்த எல்லைக்கு வெளியே டாக்டர் தன் அறிவையும் பொறுப்பையும் வைத்து எழுதினால் அது ஆஃப்-லேபிள். குழந்தை மருத்துவத்திலும் தோல் மருத்துவத்திலும் தினமும் நடப்பதுதான். விலை மலிந்துபோன பழைய மருந்துக்குப் புதிதாக ஒரு அனுமதி வாங்கப் பணம் செலவழிக்க எந்தக் கம்பெனியும் முன்வராது. அதனால் நல்ல ஆதாரம் இருந்தும் லேபிளில் ஏறாமல் நிற்கும் பயன்பாடுகள் நிறைய. ஆதாரமே இல்லாதவையும் அதே பெயரில்தான் உலவுகின்றன. இந்த ஒரு சொல்லுக்குள் இரண்டும் கிடப்பதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம். நாட்டுக்கு நாடு லேபிளும் மாறும். அமெரிக்காவில் சிரங்குக்கு ஐவர்மெக்டின் மாத்திரை கொடுத்தால் ஆஃப்-லேபிள். பிரான்சில் 2001-லிருந்து அது முறையான அனுமதியுள்ள மருந்து. பூச்சி ஒன்றுதான், மாத்திரையும் ஒன்றுதான்.

சரி, மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி எதற்கு?

இரண்டே நோய்க்கு. 1996-ல் ஸ்ட்ரோமெக்டால் என்ற பெயரில் அனுமதி கொடுத்தார்கள்: ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற குடல் புழுவுக்கு ஒன்று, ஆற்றுக் குருடு எனப்படும் ஆங்கோசெர்க்கா நோய்க்கு ஒன்று.

ஆற்றுக் குருடு பெரும்பாலும் ஆப்பிரிக்காவில். வேகமாக ஓடும் ஆற்றோரம் பெருகும் ஒரு வகைக் கறுப்பு ஈ கடித்துப் பரவுகிறது. தோலுக்கடியில் முடிச்சாகக் கிடக்கும் தாய்ப்புழு பத்துப் பதினைந்து வருடம் உயிரோடிருந்து, லட்சக்கணக்கில் குஞ்சுப் புழுக்களை விட்டுக்கொண்டே இருக்கும். அவை தோலில் ஊர்ந்து அரிப்பைத் தரும்; கண்ணுக்குப் போய்ப் பார்வையைப் பறிக்கும். கண் தெரியாத பெரியவர் ஒரு கோலின் பின்முனையைப் பிடித்து நடக்க, முன்முனையைப் பிடித்து ஒரு சிறுவன் வழிகாட்டிப் போகும் சிலை ஜெனீவாவில் உலக சுகாதார நிறுவன வளாகத்தில் நிற்கிறது. அது இந்த நோயின் சிலைதான்.

ஐவர்மெக்டின் தாய்ப்புழுவைக் கொல்லாது. குஞ்சுகளைக் கொன்று, தாயைச் சில மாதங்களுக்குக் குஞ்சு விடாமல் நிறுத்தும். அதனால் தாய்ப்புழு தானாகச் சாகும்வரை வருடா வருடம் மருந்து கொடுக்க வேண்டும். எவ்வளவு தேவையோ அவ்வளவையும், எவ்வளவு காலம் தேவையோ அவ்வளவு காலமும் இலவசமாகத் தருவதாக மெர்க் 1987-ல் அறிவித்தது. கிராமத்தில் எடை மிஷினுக்கு எங்கே போவது? அளவு குறித்த ஒரு கம்பை நிறுத்தி, பக்கத்தில் ஆளை நிற்க வைத்து, உயரத்தைப் பார்த்து மாத்திரை எண்ணிக் கொடுத்தார்கள். 90 சென்டிமீட்டர் எட்டினால் 3 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, 159-ஐ எட்டினால் நான்கு. இந்தக் கம்பைப் பற்றிப் படித்தபோது எனக்கு உண்டான மதிப்பு இன்னும் குறையவில்லை. கொலம்பியா, ஈக்வடார், மெக்சிகோ, குவாத்தமாலா ஆகிய நாடுகள் நோயை ஒழித்துவிட்டதாகச் சான்று பெற்றன. ஆப்பிரிக்காவில் முதல் நாடாக நைஜர் 2025-ல் பெற்றது.

ஸ்ட்ராங்கிலாய்டஸ் நம் ஊரிலும் உண்டா?

உண்டு, நம்மில் பலர் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டோம் என்பதுதான் கவலை. செருப்பில்லாமல் ஈர மண்ணில் நடக்கும்போது காலின் தோல் வழியாக ஏறும். மற்ற குடல் புழுக்கள் தங்கள் காலம் முடிந்தால் போய்விடும். இது உடலுக்குள்ளேயே தன் இனத்தைப் பெருக்கிக்கொள்ளும். சயாம்-பர்மா ரயில் பாதையில் போர்க்கைதிகளாக வேலை செய்த பிரிட்டிஷ் வீரர்கள் சிலரின் குடலில், ஊர் திரும்பி முப்பது வருடத்துக்கு மேல் ஆன பிறகும் இந்தப் புழு உயிரோடிருந்தது. அதே பாதையில் மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட ஆயிரக்கணக்கான தமிழர்களும் உழைத்தார்கள். அவர்களை யார் பரிசோதித்திருப்பார்கள்?

வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும் புழு, ஸ்டீராய்டு மருந்தால் எதிர்ப்பு சக்தி இறங்கியதும் கட்டுமீறிப் பெருகி நுரையீரல், ரத்தம் என்று பரவும். அப்போது உயிருக்கே ஆபத்து. நீண்ட நாள் ஸ்டீராய்டு தொடங்கப்போகிறவர், சிறுநீரக மாற்று அறுவைக்குக் காத்திருப்பவர் ஆகியோர் வயல் வேலை செய்தவராகவோ வெறுங்காலில் நடந்து வளர்ந்தவராகவோ இருந்தால் அதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். இந்தப் புழுவுக்கு ஐவர்மெக்டின்தான் முதல் மருந்து. வழக்கமான அளவு எடையில் ஒரு கிலோவுக்கு 200 மைக்ரோகிராம்; 60 கிலோ எடைக்கு 12 மில்லிகிராம்.

யானைக்கால் நோய்க்குக் கொடுக்கிறார்களே?

ஆமாம். டி.இ.சி., அல்பெண்டசோல் என்ற புழு மருந்துகள் இரண்டோடு ஐவர்மெக்டினையும் சேர்த்து மூன்றாகத் தரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2017-ல் பரிந்துரைத்தது. இந்தியாவில் 2018 டிசம்பரில் பீகாரின் அர்வால் மாவட்டத்தில் தொடங்கினார்கள். மூன்றும் சேரும்போது ரத்தத்தில் ஓடும் குஞ்சுப் புழுக்கள் அதிகம் அழிகின்றன, நெடுநாளைக்குத் திரும்பி வருவதில்லை. ஏற்கெனவே வீங்கிய காலை இந்த மாத்திரை வற்ற வைக்காது. பக்கத்து வீட்டுக்காரருக்கும் பேரப் பிள்ளைக்கும் கொசு வழியாகப் போவதைத் தடுக்கத்தான் இது. இலங்கை ஐவர்மெக்டின் சேர்க்காமலேயே, மற்ற இரண்டு மருந்துகளை வைத்துச் சாதித்து 2016-ல் சான்று வாங்கியது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சிரங்குக்கு மாத்திரை சாப்பிட்டும் போகவில்லை. மருந்து சரியில்லையா?

எங்கள் கடையில் இந்த மருந்தைப் பற்றி அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பெரும்பாலும் மருந்தில் குற்றம் இருக்காது.

ஒரு அம்மா பையனோடு வந்தார். பையனுக்கு ஏழு எட்டு வயது. விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் பொடிப்பொடியாகக் கொப்புளம், சொறிந்து சொறிந்து ரத்தம் காய்ந்து கிடந்தது. “ராத்திரி தூங்கவே மாட்டேங்கிறான்” என்றார். சீட்டில் டாக்டர் வீட்டில் எல்லோருக்கும் மருந்து எழுதியிருந்தார். அவர் பையனுக்கு மட்டும் வாங்கினார். மாதக் கடைசி, கையில் காசு அவ்வளவுதான். மூன்று வாரத்தில் திரும்பி வந்தபோது பையன் மட்டுமல்ல, இடுப்பில் இருந்த தங்கச்சியும் சொறிந்துகொண்டிருந்தாள். அன்றே எல்லோருக்குமான மருந்தைக் கடனாகவாவது கொடுத்து அனுப்பியிருக்க வேண்டும் என்று எனக்கு இப்போதும் உறுத்துகிறது.

சிரங்குப் பூச்சி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடும். முதல் முறை வந்தவருக்கு அரிப்பு தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதாவது, வீட்டில் அரிக்காதவருக்கும் பூச்சி இருக்கலாம். அதனால் ஒரே நாளில் எல்லோரும் மருந்து எடுக்க வேண்டும். ஐவர்மெக்டின் முட்டையைக் கொல்லாது. பொரித்து வருவதைக் கொல்ல 7 முதல் 14 நாளுக்குள் இரண்டாம் வேளை கட்டாயம். முதல் வேளையோடு நிறுத்துகிறவர்கள்தான் ‘போகவில்லை’ என்று வருகிறார்கள். துணி, போர்வை, தலையணை உறையைச் சுடுதண்ணீரில் துவைத்து நல்ல வெயிலில் போடுங்கள். துவைக்க முடியாததை ஒரு பையில் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வையுங்கள். ஆள் உடம்பு கிடைக்காமல் பூச்சி சில நாளுக்கு மேல் தாங்காது.

இன்னொன்று. பூச்சி செத்த பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் அரிப்பு இருக்கும். செத்த பூச்சியும் அதன் கழிவும் தோலில் கிடக்கும்வரை உடம்பு சும்மா இருக்காது. அதற்காக மூன்றாவது, நான்காவது வேளை என்று நீங்களாகவே போட்டுக்கொள்ள வேண்டாம். புதிதாகக் கொப்புளம் வருகிறதா என்று பாருங்கள், வந்தால் டாக்டரிடம் போங்கள். அப்புறம், படர்தாமரையைச் சிரங்கு என்று நினைத்து இதை வாங்கிப் போகிறவர்களும் உண்டு. படர்தாமரை பூஞ்சையால் வருவது. இந்த மருந்து அதைத் தொடாது.

சாதாரணச் சிரங்குக்குப் பெர்மெத்ரின் க்ரீமே நல்ல மருந்து. கழுத்திலிருந்து பாதம் வரை ஓர் இடம் விடாமல் பூசி இரவு முழுக்க வைத்திருக்க வேண்டும். பத்துப் பேர் உள்ள வீட்டிலோ விடுதியிலோ இது நடக்கிற காரியமா? அங்கேதான் மாத்திரை கைகொடுக்கிறது. ஃபிஜித் தீவுகளில் ஊர் முழுக்க ஐவர்மெக்டின் கொடுத்துப் பார்த்த ஆய்வில், 100 பேரில் 32 பேருக்கு இருந்த சிரங்கு ஒரு வருடத்தில் 2 பேருக்கு இறங்கியது. க்ரீம் கொடுத்த ஊர்களில் 42-லிருந்து 16 வரைதான் இறங்கியது. 2015-ல் வெளியான ஆய்வு அது. 2019-ல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சிரங்குக்காக ஐவர்மெக்டினைச் சேர்த்தது. அமெரிக்க லேபிளில் இன்றும் சிரங்கு இல்லை. ஆஃப்-லேபிள் என்றாலே மோசம் என்று சொல்பவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான்.

பேனுக்கு?

0.5 சதவீத ஐவர்மெக்டின் லோஷனுக்கு அமெரிக்கா 2012-ல் அனுமதி கொடுத்தது. மாத்திரையாகக் கொடுப்பது அங்கே ஆஃப்-லேபிள். மற்ற மருந்துகளுக்கு அடங்காத பேனுக்கு மட்டும் டாக்டர்கள் எழுதுவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளையின் தலைக்குப் பேன் சீப்பும் பொறுமையும் முதலில் போகட்டும்.

முகத்தில் பூசும் க்ரீமாகவும் பார்த்தேனே?

ரோசேசியா என்ற, முகம் சிவந்து பரு போல் கிளம்பும் நோய்க்கு 1 சதவீத க்ரீம். 2014-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சாதாரணப் பருவுக்கு இதைப் பூச வேண்டாம்.

பிள்ளைக்குப் பூச்சி மருந்தாக இதைக் கொடுக்கலாமா?

தேவையில்லை. பள்ளியிலும் அங்கன்வாடியிலும் குடற்புழு நீக்க நாளில் தரும் அல்பெண்டசோல் போதும். ஐவர்மெக்டின் உருளைப் புழுவை நன்றாகக் கொல்லும், கொக்கிப் புழுவிடம் பலவீனம், நாடாப் புழுவை ஒன்றுமே செய்யாது; மேலே சொன்ன வாசல் நாடாப் புழுவிடம் அப்படி அமையவில்லை. இரண்டு மருந்தும் சேர்ந்த மாத்திரை கடைகளில் நிறைய விற்கிறது. சேர்ந்திருப்பதால் இன்னும் நல்லது என்று நினைத்து வாங்காதீர்கள். 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு ஐவர்மெக்டின் மாத்திரை பாதுகாப்பானது என்று இன்னும் நிலைநாட்டப்படவில்லை.

கொரோனாவுக்கு அரசே கொடுத்தது. அது பொய்யா?

கொடுத்தது உண்மை. ஏன் கொடுத்தார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்ற வரிசை தெரிந்தால் கோபம் குறையும்.

2020 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவில் ஓர் ஆய்வு வந்தது. தட்டில் வளர்த்த செல்களில் கொரோனா வைரஸை விட்டு, மேலே ஐவர்மெக்டின் ஊற்றினார்கள்; 48 மணி நேரத்தில் வைரஸ் கிட்டத்தட்டக் காணாமல் போனது. ஆனால் தட்டில் ஊற்றிய செறிவு, வழக்கமான அளவு மாத்திரை சாப்பிட்டவர் ரத்தத்தில் கிடைப்பதைவிடப் பல மடங்கு. அந்தச் செறிவை உடலில் கொண்டுவரப் பார்த்தால், மூளைக்கு நிற்கும் காவலைப் பற்றிச் சொன்னேனே, அது என்ன ஆகும்?

பிறகு சின்னச் சின்ன ஆய்வுகள். அவற்றில் எகிப்திலிருந்து வந்த ஒன்று மிகப் பெரிய பலன் காட்டியது. அதன் புள்ளிவிவரங்களில் முறைகேடு இருப்பதாகக் குற்றச்சாட்டு எழுந்து 2021 ஜூலையில் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் அதை நம்பிக் கணக்குப் போட்டவர்கள் பலர். இங்கே 2021 ஏப்ரலில் மத்திய அரசின் வீட்டுத் தனிமை வழிகாட்டியில் ஐவர்மெக்டினைப் பரிசீலிக்கலாம் என்று வந்தது. மே மாதம் கோவா, 18 வயது தாண்டிய எல்லோருக்கும் தரப்போவதாகச் சொன்னது. அந்த நாட்களில் கடை வாசலில் கயிறு கட்டி நின்றோம். வாட்ஸ்அப்பில் வந்த யாரோ ஒருவருடைய சீட்டைப் போனில் காட்டி, “இதுல இருக்கிற எல்லாம் குடுங்க, மூணு செட்” என்பார்கள். ஆக்சிஜன் படுக்கை கிடைக்காமல் அப்பாவை ஆட்டோவில் வைத்துக்கொண்டு சுற்றிய மகனிடம் ஆதாரம் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

பெரிய ஆய்வுகளின் விடை வந்தது பின்னால்தான். பிரேசிலில் 1,358 பேரை வைத்து நடந்த டுகெதர் ஆய்வு 2022 மார்ச்சில் வெளியானது. மருத்துவமனையில் சேர வேண்டி வந்தவர்களும் அவசரப் பிரிவில் நெடுநேரம் கண்காணிக்கப்பட்டவர்களும் மருந்து எடுத்த 679 பேரில் 100, வெற்று மாத்திரை எடுத்த 679 பேரில் 111. இவ்வளவு சின்ன வித்தியாசம் தற்செயலாகவே வரும். அமெரிக்காவின் ஆக்டிவ்-6 ஆய்விலும் பலன் இல்லை. அளவைக் கூட்டிப் பார்த்தும் இல்லை. பிரிட்டனின் பிரின்சிபிள் ஆய்வில் மருந்து எடுத்தவர்கள் இரண்டு நாள் முன்னதாகத் தேறியதாகச் சொன்னார்கள். ஆனால் அதில் எல்லோருக்கும் தாம் எடுப்பது என்ன என்று தெரியும், மருத்துவமனைச் சேர்க்கையும் குறையவில்லை. இந்தியாவில் 2021 செப்டம்பரில் ஐ.சி.எம்.ஆர்.-எய்ம்ஸ் வழிகாட்டியிலிருந்து ஐவர்மெக்டின் நீங்கியது.

ஒரு நுட்பம் இருக்கிறது. ஸ்ட்ராங்கிலாய்டஸ் அதிகம் உள்ள நாடுகளில் நடந்த சில ஆய்வுகளில் மட்டும் இறப்பு குறைந்ததுபோல் தெரிந்தது. கொரோனா நோயாளிக்கு ஸ்டீராய்டு கொடுத்திருப்பார்கள்; உள்ளே இருந்த புழு கட்டுமீறாமல் ஐவர்மெக்டின் தடுத்திருக்கலாம் என்று 2022-ல் ஒரு பகுப்பாய்வு காட்டியது. அப்படியானால் அங்கேயும் அது புழுவைத்தான் கொன்றிருக்கிறது.

புற்றுநோய்க்கு நல்லது என்று வீடியோ வருகிறது.

தட்டிலும் எலியிலும் சில ஆய்வுகள் உண்டு. மனிதருக்குப் புற்றுநோய் மருந்தாக எந்த அனுமதியும் இல்லை. கொரோனாவில் தட்டில் பார்த்ததை நம்பி என்ன ஆயிற்று என்று இப்போதுதான் படித்தீர்கள். கீமோ நடந்துகொண்டிருப்பவர் ரகசியமாக இதையும் சேர்த்துச் சாப்பிட்டால் ஈரல் இரண்டையும் சமாளிக்க வேண்டும். தயவுசெய்து அந்த டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

மாட்டுக்குப் போடும் மருந்தும் இதுதானே? விலையும் குறைவு.

மூலப்பொருள் இதுதான். மாட்டு ஊசி மருந்தில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம். 50 கிலோ எடைக்கு ஒரு மில்லி, தோலுக்கடியில். குதிரைக்கான பசை ஒரு குழாயில் சுமார் 114 மில்லிகிராம் இருக்கும், 60 கிலோ மனிதருக்கான அளவைப்போல் ஒன்பது மடங்குக்கு மேல். அதோடு அவற்றில் சேர்த்திருக்கும் கரைப்பான்களை மனிதருக்கு யாரும் சோதித்ததில்லை. அளவு மீறினால் வாந்தி, தள்ளாட்டம், குழப்பம், வலிப்பு, சுயநினைவு இழப்பு வரை போகும். மாட்டுக்குப் போடுகிறவர்களும் கால்நடை மருத்துவரைக் கேட்டே போடுங்கள். பாலில் இறங்கும் மருந்து இது.

யாரெல்லாம் எடுக்கக் கூடாது?

கர்ப்பிணிகள், நான் முன்பு சொன்ன சிறு குழந்தைகள். பால் கொடுக்கும் தாய் டாக்டரைக் கேட்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும், ரத்தம் உறையும் வேகம் மாறலாம். கேமரூன், காங்கோ, காபோன் பக்கம் வேலைக்குப் போய் வந்தவர்களும் அதைச் சொல்லுங்கள். அங்குள்ள லோவா லோவா புழு ரத்தத்தில் மிகுதியாக இருக்கும்போது இந்த மருந்து மூளையைப் பாதிக்கலாம். மற்றபடி சரியான அளவில் தலைச்சுற்றல், லேசான வயிற்றுப்போக்கு, அரிப்பு, இவ்வளவுதான்.

சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா?

குடல் புழுவுக்கு வெறும் வயிற்றில், தண்ணீரோடு. சிரங்குக்குச் சாப்பாட்டோடு எடுக்கச் சொல்வார்கள். கொழுப்புள்ள உணவோடு எடுத்தால் ரத்தத்தில் ஏறும் மருந்து இரண்டரை மடங்கு வரை கூடும், தோலுக்கும் நன்றாகப் போய்ச் சேரும். சீட்டில் எழுதியிருப்பதை மாற்றாதீர்கள்.

மலேரியாவுக்கும் வருகிறதாமே?

இது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. மருந்து எடுத்தவரைக் கடித்த கொசு செத்துப்போகிறது. கென்யாவின் குவாலே பகுதியில் மாதம் ஒருமுறை, மூன்று மாதம் ஊருக்கே கொடுத்துப் பார்த்தார்கள். குழந்தைகளிடம் புதிய மலேரியாத் தொற்று 26 சதவீதம் குறைந்தது. 2025-ல் முடிவு வெளியானது. கொசுவலைக்கு மேல் கிடைத்த பலன் இது. இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது, எந்த லேபிளிலும் ஏறவில்லை. ஏறினால் சந்தோஷப்படுவேன்.

சீட்டு இல்லாமல் கேட்டால் தருவீர்களா?

தர மாட்டேன். ஆனால் அரிப்போடு வந்தவரைச் சும்மா திருப்பி அனுப்பவும் மாட்டேன். டாக்டரிடம் போகும் முன் தெரிந்து வைத்துக்கொள்ள நான்கு விஷயம் சொல்லி அனுப்புவேன்: வீட்டில் எத்தனை பேர், ஒவ்வொருவரும் எத்தனை கிலோ, யாராவது முழுகாமல் இருக்கிறார்களா, யாருக்காவது ரத்தம் உறையாமலிருக்க மருந்து ஓடுகிறதா. எடை மிஷின் கடை வாசலிலேயே இருக்கிறது, காசு வேண்டாம். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.